‘கவுன்சிலிங் கொடுத்து அனுப்பினர்’: ஒரு வரியைப் பற்றி ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், தங்கள் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். தற்கொலைக்கு முயன்ற 19 வயது மாணவியை அக்கம்பக்கத்தார் காப்பாற்றிய செய்தி அது. மொத்தம் எட்டு வரி. கடைசி வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்: ‘போலீசார் மாணவிக்குக் கவுன்சிலிங் கொடுத்துப் பெற்றோருடன் அனுப்பி வைத்தனர்.’

“அம்மா, நான் ஏழு மாதமாக வந்துகொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒரே நாளில் முடித்துவிட்டார்களே, எப்படி?” என்று கேட்டார்.

யாரையும் குறை சொல்வதற்காக அவர் கேட்கவில்லை. தன்னிடம்தான் ஏதோ கோளாறு இருக்கிறதோ, அதனால்தான் தனக்கு இத்தனை நாள் ஆகிறதோ என்ற கவலையில் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவரிடம் நான் சொன்ன பதிலையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். சுருக்க வேண்டுமென்றால் எங்கே வேண்டுமானாலும் சுருக்குங்கள். அந்தப் பெரியவரைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அவர் படித்துப் பார்த்து, சில விவரங்களை என்னோடு சேர்ந்து மாற்றி, அனுமதி கொடுத்த பிறகே எழுதியிருக்கிறேன். “பெயரைப் போட்டாலும் பரவாயில்லை” என்றார். நான் போடவில்லை. என் பெயரையும் வெளியிட வேண்டாம். எங்கள் இருவருக்கும் ஊரான தங்கவயல் சிறிய ஊர். என் பெயரைப் பிடித்துக்கொண்டு அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் பெங்களூரு அல்சூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உளச்சிகிச்சை செய்து வருகிறேன். மருந்து எழுதுவதில்லை, அது மனநல மருத்துவரின் வேலை. பிறந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் ஒன்றில். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது நான் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியலில் எம்.பில். படித்துக்கொண்டிருந்தேன். இங்கே இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு; பின்னால் வரும்.

‘கவுன்சிலிங்’ என்ற சொல் நம் பத்திரிகைகளில் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பொறியியல் இடத்துக்குக் கவுன்சிலிங், ஆசிரியர் இடமாறுதலுக்குக் கவுன்சிலிங், வீட்டை விட்டு ஓடிப்போன காதலர்களுக்குக் காவல் நிலையத்தில் கவுன்சிலிங், ஹெல்மெட் போடாத இளைஞர்களுக்குச் சாலையோரத்தில் கவுன்சிலிங். முதல் இரண்டுக்கும் ‘கலந்தாய்வு’ என்ற நல்ல சொல் வந்துவிட்டது. தாங்களும் அதையே எழுதுகிறீர்கள், நல்லது. பின்னிரண்டிலும் நடப்பது என்ன? ஓர் அதிகாரி பேசுகிறார், எதிரில் இருப்பவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறார். அதற்குத் தமிழில் ‘அறிவுரை’ என்ற சொல் காலம் காலமாக இருக்கிறது. கொஞ்சம் கடுமையாக நடந்தால் ‘எச்சரிக்கை’. அந்தச் சொற்களை எழுதினால் நடந்ததை அப்படியே எழுதியதாகும். ‘கவுன்சிலிங்’ என்று எழுதும்போது, அந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை கிடைத்துவிட்டது என்று படிப்பவர் நம்பிவிடுகிறார். பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றைக் கலக்குவது, அந்தப் பெண்ணே நம்பிவிடுவாள் என்பதுதான். ‘எனக்குக் கவுன்சிலிங் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், அதிலும் ஒன்றும் ஆகவில்லை’ என்று.

இதன் விளைவை வாரந்தோறும் என் அறை வாசலில் பார்க்கிறேன். பி.யு.சி. இரண்டாம் ஆண்டில் (பன்னிரண்டாம் வகுப்பில்) தவறிய மகனை ஒரு தாய் அழைத்து வருகிறார். (இப்படி வந்தவர்கள் பலர்; எல்லோரையும் சேர்த்து ஒரே ஆளாக எழுதுகிறேன்.) “நான்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்கள் மேடம். நாங்கள் கீழே நிற்கிறோம். அரை மணி நேரம் போதுமா?” என்கிறார். பையன் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான். “சொல்லுங்கள்” என்கிறான். திட்டு வாங்கிப் பழகிய குரல் அது. எப்போது முடியும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கும் குரல். “எனக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாதே அப்பா, நான் எதைச் சொல்ல?” என்று கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறான். அந்த நிமிர்தலுக்கு முன்னால் அவனுக்குச் சொல்லப்பட்ட நல்ல வார்த்தைகள் நான்கா, நானூறா என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அத்தை சொல்லியிருப்பார், டியூஷன் சார் சொல்லியிருப்பார், மாடி வீட்டு மாமா சொல்லியிருப்பார். அறிவுரை கிடைக்காமல் யாரும் என்னிடம் வருவதில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய்த்தான் வருகிறார்கள்.

இனி அந்தப் பெரியவர்.

அறுபதைத் தாண்டியவர். சுரங்கத்தில் பதினேழு ஆண்டு வேலை செய்தவர். மூடிய பிறகு ஏதேதோ வேலை பார்த்து, இப்போது பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வந்து போகும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். மாரிக்குப்பத்தில் ஏறினால் பங்காருப்பேட்டை, ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம் என்று இருட்டு விலக விலகப் பெட்டி நிறையும். மகன்தான் அழைத்து வந்தார். நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், இரவில் இரண்டு மணி நேரத் தூக்கம். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தாகிவிட்டது. இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி மருத்துவர் அனுப்பியிருந்தார். (உடம்பை முதலில் சோதித்துக்கொண்டு வருவதுதான் சரி. தைராய்டு, இதயம், இரத்தசோகை எல்லாம் இதே வேடத்தில் வரும்.) மகன் காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்: “பதினோரு மாதத்துக்கு முன்னால் அப்பாவை பேஸ்மென்ட் பார்க்கிங்கில் போட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. சுரங்கத்து ஞாபகம் வந்து பயப்படுகிறார். வாசல் கேட்டுக்கு மாற்றிக் கேளுங்கள் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.”

பெரியவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில். என் அறையில் இரண்டு நாற்காலிகளும் ஒரே உயரம், நடுவில் மேசை கிடையாது. அது பலருக்கு முதலில் சங்கடமாக இருக்கும், அவருக்கும் இருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டேன். “ஒரு மாதிரி இருக்கிறது, அம்மா” என்றார். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. ஒரு மாதிரி இருக்கிறது.

தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கு ஈடாக இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. துக்கம் என்று சொல்ல முடியாது, கோபம் என்று சொல்ல முடியாது, நோய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே ஏதோ இருக்கிறது, அது எனக்குத் தெரிகிறது, இன்னும் பெயர் வரவில்லை. இவ்வளவையும் ‘ஒரு மாதிரி’ சொல்லிவிடுகிறது. பெரும்பாலான மருத்துவமனைகளில் இதை விவரம் இல்லாத பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். யூஜின் ஜெண்ட்லின் என்ற தத்துவ அறிஞர் தள்ளவில்லை. வியன்னாவில் 1926-இல் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்காவில் குடியேறி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸுடன் சேர்ந்து, உளச்சிகிச்சையில் சிலர் தேறுகிறார்கள், சிலர் தேறவில்லையே ஏன் என்று சிகிச்சைப் பேச்சின் ஒலிநாடாக்களைக் கேட்டு ஆராய்ந்தார். தேறியவர்கள் தெளிவாக, கோர்வையாகப் பேசியவர்கள் அல்லர். பேச்சை நடுவில் நிறுத்தி, உள்ளே தடவிப் பார்த்து, ‘இல்லை, அது இல்லை… வேறு ஏதோ…’ என்று சொல்லைத் தேடியவர்கள். அதாவது ‘ஒரு மாதிரி’யில் கொஞ்ச நேரம் தங்கத் தெரிந்தவர்கள். இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் உணர முடிகிறது. நம் வீட்டுக் கிழவிகள் தினமும் சொல்லும் சொல்லுக்குள் இருந்ததை ஒருவர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

ஆனால் படித்தது வேறு, செய்தது வேறு. ஐந்தாவது வாரம் நான் கேட்டேன்: “அந்த ஒரு மாதிரி, இப்போது, இங்கே இருக்கிறதா?” கண்ணை மூடினார். சற்று நேரம் கழித்து வலது உள்ளங்கையை நெஞ்சுக்குழிக்குக் கீழே வைத்தார். “இங்கே.” எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தெருவில் பூக்காரம்மா முழம் சொல்லிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவர் தேடிக்கொண்டிருந்தார். நான் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்காமல், “பயமா?” என்று கேட்டுவிட்டேன்.

“ஆமாம் அம்மா, பயம்தான்” என்றார்.

மூன்று வாரம் பயத்தைப் பற்றியே பேசினோம். மூச்சுப் பயிற்சி செய்தோம். சிறு பயன்கூட இல்லை. என் அப்பா சுரங்கத்தில் இறங்கும்போதெல்லாம் அம்மா வாசலிலேயே நின்றிருப்பார்; பாறை வெடிப்பு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான்; பூமிக்குக் கீழே என்றால் எனக்குப் பயம். என் பயத்தை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அவரும், அம்மா சொல்கிறார்களே என்று மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். எட்டாவது வாரம்தான் கவனித்தேன்: ‘பயம்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் கை மடியிலேயே கிடந்தது, நெஞ்சுக்குழிக்குப் போகவே இல்லை.

அவரிடம் சொன்னேன்: “ஐயா, அன்றைக்கு நான் அவசரப்பட்டு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டேன். அது உங்கள் சொல் இல்லை என்று தோன்றுகிறது. என்னை மன்னியுங்கள். மறுபடியும் தேடிப் பார்க்கலாமா?”

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு மெல்ல, “கீழே எனக்குப் பயமே இருந்ததில்லை அம்மா” என்றார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டான கேஜில் இறங்கும்போது தோளும் தோளும் இடிக்க நின்றதையும், ஒருவன் பெயரை ஒருவன் உரக்கச் சொல்லி ஆள் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டதையும், வெக்கை தாங்காமல் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடித்ததையும் சொன்னார். கை தானாக நெஞ்சுக்குழிக்குப் போயிருந்தது. “இங்கே கீழே ஒரு வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். ‘செக்யூரிட்டி’ என்று கூப்பிடுகிறார்கள். ஒருவர்கூட என் பெயரைக் கேட்டதில்லை.” நிறுத்தினார். நான் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. “எல்லோரும் கேஜில் மேலே ஏறிவிட்டு, என்னை மட்டும் கீழே விட்டுவிட்ட மாதிரி” என்றார்.

‘ஒரு மாதிரி’ முழு வாக்கியமாகிவிட்டது. அதன் பிறகு அவர் விட்ட மூச்சை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. அழுதார். “அழாதீர்கள்” என்று நான் சொல்லவில்லை. துவாலையையும் தண்ணீர்ச் சொம்பையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். முதல் நாளே மகன் கேட்டபடி, ‘வாசல் கேட்டுக்கு மாற்றிக் கேளுங்கள்’ என்று நான் கவுன்சிலிங் கொடுத்து அனுப்பியிருந்தால்? என் தகுதிக்குக் கட்டுப்பட்டு மாறியிருப்பார். வெளிச்சத்திலும் அவர் பெயரில்லாமல்தான் நின்றிருப்பார். நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். ‘பெரிய மேடம் சொன்னதைச் செய்தும் சரியாகவில்லை’ என்று இன்னும் ஒரு பாரம் சேர்ந்திருக்கும்.

அடுத்து அவர் செய்ததை நான் கனவிலும் யோசித்திருக்க மாட்டேன். அவரோடு சுரங்கத்தில் ஒரே கும்பலில் வேலை செய்தவர்கள் இரண்டு பேர் அதே காலை ரயிலில் வருகிறார்கள். மூன்றாவது பெட்டியில் சீட்டாடிக்கொண்டு வருவார்களாம். காவலாளி உடுப்போடு அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று இத்தனை ஆண்டும் இவர் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை மூன்றாவது பெட்டியில் ஏறினார். அவர்களில் ஒருவரும் உடுப்பில்தான் இருந்தார், வேறு நிறுவனத்தின் உடுப்பு. இவர் பெயரைச் சொல்லி, பெட்டி முழுவதும் கேட்கும்படி கூப்பிட்டாராம். பேஸ்மென்டில்தான் இன்னும் வேலை செய்கிறார். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் தூங்குகிறார். படபடப்பு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேலும் சில மாதம் வருவார்.

இதற்குத்தான் ஏழு மாதம் ஆகிறது, ஆசிரியர் அவர்களே. ஒரு மனிதர் தன் சொல்லைத் தானே கண்டுபிடிப்பதற்கும், கண்டுபிடித்த பிறகு தன் வழியைத் தானே நடந்து பார்ப்பதற்கும் ஆகிற நேரம்.

‘ஆலோசனை’ என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு குறை உண்டு. ‘மனநல ஆலோசனை’, ‘உளவியல் ஆலோசகர்’ என்றெல்லாம் எழுதுகிறோம். ஆலோசனை என்றால் ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். இலங்கைத் தமிழர்கள் இதற்கு ‘உளவளத்துணை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; ஆற்றுப்படுத்துபவரை ‘உளவளத்துணையாளர்’ என்கிறார்கள். துணை! இந்த வேலையை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்லை முதல்முறை பார்த்தபோது எனக்கு என் ஆயாதான் நினைவுக்கு வந்தார். லைன் வீடுகளில் பொதுக் கழிப்பிடம் வரிசையின் கடைசியில் இருக்கும். ராத்திரியில் போக வேண்டுமென்றால் ஆயாவை எழுப்பி, “துணைக்கு வா” என்பேன். அரிக்கேன் விளக்கோடு வருவார். “பயப்படாதே” என்று ஒருநாளும் சொன்னதில்லை. பேயே கிடையாது என்று பாடம் நடத்தியதும் இல்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அவ்வப்போது இருமுவார். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தெரிவிக்கிற இருமல். இருட்டுக்குள் போகவேண்டியது நான்தான். ஆனால் அந்த இருமல் இருக்கும்வரை எனக்குப் போக முடிந்தது. பிற்பாடு பயிற்சியின்போது, பேசுகிறவரின் பேச்சை மறிக்காமல் சிறு ஒலியால் உடனிருப்பது எப்படி என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். கதை கேட்கும்போது உம் கொட்டாவிட்டால் ஆயா கதையை நிறுத்திவிடுவார். எனக்கு அதில் புதிதாகக் கற்க அதிகம் இருக்கவில்லை.

கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில், ஒரு மனிதர் மாறுவதற்குத் தேவையானவை என்று சில நிபந்தனைகளைச் சொன்னார். சிகிச்சை செய்பவர் வேடம் போடாமல் தானாக இருப்பது, எதிரில் இருப்பவரை நிபந்தனை போடாமல் மதிப்பது, அவர் கண்ணால் அவர் உலகைப் பார்க்க முயல்வது ஆகியவை அதில் முக்கியமானவை. அறிவுரை அந்தப் பட்டியலில் இல்லை. இந்த மூன்றும் கேட்க எளிதாகத் தெரியும். இருபது ஆண்டுக்குப் பிறகும் நான் ‘பயமா?’ என்று முந்திக்கொண்ட கதையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

எப்போதுமே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் வராதவரிடம் மாலை ஆறு மணிக்கு மேல் டீ குடிக்காதீர்கள் என்று நேராகவே சொல்வேன். தேர்வுப் பயத்துக்கு மனநல மருத்துவர் ஏரன் பெக் வகுத்த முறையில் எழுத்துப் பயிற்சி கொடுத்து, மறுவாரம் கேட்டு வாங்குவேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் காத்திருக்கவே மாட்டேன். வீட்டாரை அழைப்பேன், மனநல மருத்துவரிடம் அன்றே அனுப்புவேன். நம் மக்கள் வழிகாட்டியை எதிர்பார்த்து வருவதில் தவறும் இல்லை. எய்ம்ஸ் மருத்துவமனையில் மனநலத் துறையை நடத்திய ஜஸ்வந்த் சிங் நேக்கி, 1973-இலேயே குரு-சீடர் உறவை உளச்சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்று ஆராய்ந்து எழுதினார். மேலை நாட்டில் சார்ந்திருப்பது குறையாகப் பார்க்கப்படுகிறது. இங்கே அப்படியில்லை என்பதை அவர் சரியாகவே கண்டார். என்னை ‘அம்மா’ என்று கூப்பிடுகிறவரிடம் ‘அப்படிக் கூப்பிடாதீர்கள்’ என்று நானும் சொல்வதில்லை. ஆனால் அந்த ‘அம்மா’வுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பது அந்த மூன்று வாரத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. அவ்வளவு பலம் இருக்கிற இடத்தில்தான் சொல்லை அளந்து போட வேண்டும்.

குடும்பத்தையும் நான் வெளியே தள்ளுவதில்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது பல பத்தாண்டுகளாக இருந்துவரும் வழக்கம். நான் செய்வது சிறிய அளவில் அதுதான். முதல் நாளே தாயையும் மகனையும் ஒன்றாக உட்கார வைத்து, எது இந்த அறைக்குள் தங்கும், எது வெளியே வரும் என்று இருவர் முன்னாலும் பேசி முடிவு செய்வேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். ‘என்ன சொன்னான்?’ என்று தாய் படிக்கட்டில் என்னை மறிப்பது அதன் பிறகு பெரும்பாலும் நின்றுவிடும்.

அந்த மாணவிக்கு வருகிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதைத் தங்கள் நிருபர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே கருதப்பட வேண்டும். அதற்காக அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. காவலர்கள் அவளை அடிக்கவில்லை, வழக்குப் போடவில்லை. பெற்றோரிடம் பத்திரமாக ஒப்படைத்தார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் ‘உன் அப்பா அம்மாவை நினைத்துப் பார்த்தாயா?’ என்ற கேள்வி அந்த நிலையத்தில் கேட்கப்பட்டிருந்தால், அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அவள் வீடு போயிருப்பாள். நினைத்துப் பார்த்திருப்பாள். அவர்களுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று நினைத்துத்தான் பலர் அந்த முடிவுக்குப் போகிறார்கள். முயற்சிக்குப் பிந்தைய வாரங்களும் மாதங்களும் மிகுந்த கவனம் தேவைப்படும் காலம். அவளை மனநல மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். அடுத்த முறை அந்த எண்ணம் வந்தால் யாரிடம் பேசுவது, எங்கே போவது, வீட்டில் எதை அப்புறப்படுத்துவது என்று அவளோடு உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும். மறுவாரம் ஒருவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். இவை நடந்தனவா என்று செய்தியில் இல்லை. கவுன்சிலிங் கொடுத்தாகிவிட்டது என்று இருக்கிறது.

நிம்ஹான்ஸ் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகத் தெரிந்தது. நோய்க்கு ஏற்றபடி அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்குள் வரவே இல்லை. மனநல மருத்துவர்கள் போதாது, என்னைப் போன்ற உளவியலாளர்களும் போதாது, கட்டணமும் எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை, எல்லாம் உண்மை. அவற்றோடு, ‘கவுன்சிலிங் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அது எனக்கு வேண்டாம்’ என்று சொல்லி வராமலே இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் வந்து சொன்னதால்தான் எனக்குத் தெரியும். பல ஆண்டு தள்ளிப்போட்டுவிட்டு வந்தவர்கள்.

ஆகவே என் வேண்டுகோள். காவலர் அறிவுரை சொன்னால் ‘அறிவுரை கூறினர்’ என்றே எழுதுங்கள். கண்டித்தால் ‘கண்டித்தனர்’ என்று எழுதுங்கள். தகுதி பெற்ற ஒருவரிடம் அனுப்பியிருந்தால் மட்டும் ‘உளச்சிகிச்சைக்கு அனுப்பினர்’ என்றோ, தங்களுக்கு மனம் இருந்தால் ‘உளவளத்துணைக்கு அனுப்பினர்’ என்றோ எழுதுங்கள். அனுப்பாமல் விட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த நிலையத்தில் யாராவது அனுப்புவார்கள்.

இன்னும் ஒன்று. 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை நடக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம். தங்கவயலிலிருந்தும் பேசலாம், தாராவியிலிருந்தும் பேசலாம். இப்படிப்பட்ட செய்தி எப்போது வந்தாலும், கடைசி வரிக்குக் கீழே அந்த எண்ணைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்தப் பெரியவரைப் போலப் பேனாவோடு படிக்கிறவர்கள் தங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்கும் கீழே கோடு போடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு - 560 008